ஆறு வாரம் வைத்திருந்தவள்

அவளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை வெகு நாள் வரை நான் யாரிடமும் சொன்னதில்லை. கெட்டதாகவும் சொன்னதில்லை. சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம், தேடாமல் இல்லை. பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவள் பெயரை எழுதினால் பக்கத்தில் என் பெயரையும் எழுத வேண்டிவரும். அது எனக்கு இன்னும் பழகவில்லை.

குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளி இருந்த ஒரு லேபில், கிருமி பார்க்கும் பிரிவுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். எம்.எஸ்சி., தங்கப் பதக்கம். பதக்கம் சேலையூரில் எங்கள் வீட்டு ஷோகேசில் இன்னமும் இருக்கிறது. அவள் டிப்ளமோ. கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம்; அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கேளம்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். காலையில் பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து, அங்கிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி, எட்டரைக்கெல்லாம் வந்து வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பாள். அவளுக்கு இருபத்து நான்கு வயது. எனக்கு முப்பத்தொன்பது.

மைக்ரோஸ்கோப்பில் அவள் உட்காருகிற விதமே வேறு. நாங்களெல்லாம் ஸ்லைடில் அங்கே இங்கே பத்துப் பன்னிரண்டு இடம் பார்ப்போம், எழுதுவோம், அடுத்ததை எடுப்போம். அவள் ஒரு மூலையில் ஆரம்பித்துக் கடைசிவரை போவாள். ஒரு வரி கீழே இறங்கி, திரும்பி வருவாள். ஒரு ஸ்லைடுக்கு அரை மணி நேரம்.

"இப்படிப் பாத்தா மத்த சாம்பிளெல்லாம் யார் பாக்குறது?" என்று ஒருநாள் கேட்டேன்.

கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "பேன் பாக்குற மாதிரி தான் மேடம். நடு வகிடுல ஒரு தபா பிரிச்சிப் பாத்துட்டு தலைல பேனே இல்லன்னு சொல்ல முடியுமா? அது காது பின்னாடி குந்திகினு இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அவளை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. வேலை தெரியாதவள் என்று நினைத்திருந்தேன். அப்படிப்பட்டவர்களை எனக்குச் சீக்கிரம் பிடித்துவிடும்.

பாக்டீரியாவைக் கடமைக்குப் பார்ப்பாள். பங்கஸ், அதாவது பூஞ்சை என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். ஏதாவது விளங்கவில்லை என்றால் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "நான் அதுவா இருந்தா இன்னா பண்ணுவேன்?" என்று தனக்குத்தானே கேட்பாள். பக்கத்து மேசைப் பெண்கள் கிண்டல் செய்தால் கோபப்பட மாட்டாள்.

"சும்மா இல்ல. மண்ணுல கெடந்தது, மரத்துல கெடந்தது. நம்ம உள்ள வந்தா ஒரே சூடு. சோறும் இல்ல. நாலு பக்கமும் அடிக்க ஆள் வருது. அப்பயும் பொழச்சிக்குதுன்னா அதுக்கு எவ்ளோ தெரிஞ்சிருக்கணும்?"

"கொஞ்சம் பேஷண்டுக்காகவும் பரிதாபப்படு," என்றேன்.

"அவங்களுக்காக தான் மேடம். அது எப்படி பொழைக்குதுன்னு தெரிஞ்சா தான் எங்க கீதுன்னு தெரியும்."

அவள் சொன்னது எதுவும் எனக்குத் தெரியாததில்லை. பத்து மார்க் கேள்விக்குப் படம் வரைந்து எழுதியவள் நான். ஆனால் ஒருநாளும் எனக்கு அது அப்படித் தோன்றியதில்லை. தெரிந்திருப்பது வேறு, தோன்றுவது வேறு என்பதை அவளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதில் எந்தச் சந்தோஷமும் இல்லை.

எங்கள் லேபுக்கு மதியம் இரண்டு மணிக்குப் பெரிய டாக்டர் வருவார். கடினமான சாம்பிள் என்றால் பதினைந்து வருஷமாக அவர் வந்து நிற்பது என் மேசைக்கு முன்னால்தான். ஒரு நாள் கிட்னி மாற்றிக்கொண்ட ஒருவருக்கு முதுகுத் தண்டிலிருந்து எடுத்த நீர் வந்தது. விடாத தலைவலியாம். கிரிப்டோகாக்கஸ் என்று ஒரு பூஞ்சை இருக்கிறது. தன்னைச் சுற்றி வழவழப்பாக ஓர் உறை போட்டுக்கொள்ளும். அதைக் கண்டுபிடிக்க, நீரைக் கறுப்பு மசியில் கலந்து பார்ப்போம். உறைக்குள் மசி போகாது. கறுப்புக்கு நடுவில், நிலா கோட்டை கட்டியதுபோல வெள்ளை வளையம் தெரியும். நான் பார்த்தேன். ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது அவள் அதே ஸ்லைடில் இருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கீது மேடம். ஓரத்துல."

குனிந்து பார்த்தேன். இருந்தது. கோட்டை கட்டிக்கொண்டு, நிதானமாக.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "யார் பாத்தது?" என்றார். அவள்தான், "மேடம் இன்னொரு தபா பாக்க சொன்னாங்க சார்," என்றாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. டாக்டர் அவளைப் பார்த்து, "நல்ல கண்ணு உனக்கு," என்றார். என்னிடம் பல தடவை 'நல்ல ரிப்போர்ட்' என்று சொல்லியிருக்கிறார். கண்ணைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை.

பிறகு அவள் மற்ற பெண்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். "உள்ள வந்ததும் போர்வைய இன்னும் தடியா போத்திக்கும். நம்ம செல்லு முழுங்க வரும். வழுக்கினு போயிடும்." நான் ஏதோ ரெஜிஸ்டரைத் தேடுவதுபோல ஷெல்ஃபின் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

அதற்கப்புறம் நான் செய்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். அவள் மேசையை ஜன்னல் பக்கத்திலிருந்து, நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவ் பக்கத்துக்கு மாற்றினேன். அங்கே எப்போதும் அனல். நெத்திலிக் குழம்பு கொண்டுவந்தால், "ஏசி ரூம்ல வாசனை நிக்குது, மொட்டை மாடிக்குப் போய்ச் சாப்பிடு," என்றேன். மற்றவர்கள் சிக்கன் பிரியாணியை அதே அறையில் பிரித்துச் சாப்பிட்டார்கள். அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மறுவாரம் பார்த்தால் அவளோடு மூன்று பேர் மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னோடு கீழே யாரும் இல்லை.

கொரோனா இரண்டாவது அலையில் நான் இருபது நாள் வீட்டில் படுத்துவிட்டேன். கறுப்புப் பூஞ்சை என்று ஊரெல்லாம் பயந்துகிடந்த நேரம். சர்க்கரை ஏறிய நோயாளிகளின் மூக்கிலிருந்தும் கன்னத்து எலும்பிலிருந்தும் எடுத்த துணுக்குகள் நாளுக்கு இருபது வந்ததாம். அத்தனையையும் அவள் ஒருத்தியே பார்த்திருக்கிறாள். அந்த இருபது நாளில் டாக்டர் எனக்கு ஒரே ஒரு தடவை போன் செய்தார், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க. சாம்பிளைப் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை. நான் திரும்பி வந்தபோது அவர் அறைக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "அந்தப் பொண்ணு பாத்துட்டாளா?" என்று மாறியிருந்தது.

அதற்கடுத்த வருஷம் பாய் வந்தார். பல்லாவரத்தில் பழைய மரச் சாமான் கடை வைத்திருந்தவர். இடிக்கிற வீடுகளிலிருந்து கதவு, ஜன்னல், தூண் எல்லாம் வாங்கி விற்பார். ஏழு மாதமாகக் காய்ச்சல். பாதி உடம்பு போய்விட்டது, முகம் கறுத்திருந்தது, நாக்கில் ஆறாத புண். டி.பி. என்று ஐந்து மாதமாக மாத்திரை சாப்பிட்டும் ஒன்றும் கேட்கவில்லை. எலும்பு மஜ்ஜையில் எடுத்த சாம்பிளை எங்களிடம் கொடுக்கும்போது அவருடைய மகளும் கூட வந்திருந்தாள். கல்லூரி முடித்த பெண். பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"என் கடைல கீற கதவெல்லாம் நூறு வருசம் ஆனது. அது எல்லாம் என்ன விட ஸ்ட்ராங்கா கீதும்மா," என்று பாய் சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

அவள் கவுன்டருக்கு வந்து அவரிடம் பேச்சுக் கொடுத்தாள். "பாய், காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி எங்கெல்லாம் வேலைக்கு போனீங்க?"

"மதுராந்தகம் பக்கம் ஒரு பழைய பங்களா. மச்சு பூரா வௌவா. முழங்கால் அளவுக்கு எச்சம். நானே உள்ள பூந்து உத்தரத்த எறக்குனேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் என்னைக் கூப்பிட்டாள். குரல் தணிந்திருந்தது. "இத பாருங்க மேடம்."

பார்த்தேன். பாயின் மஜ்ஜையை ஸ்லைடில் தடவிச் சாயம் போட்ட ஸ்மியர். அதில், கிருமியை விழுங்கிச் செரிக்கிற பெரிய செல் ஒன்று. அதன் உள்ளே சின்னச் சின்னதாகப் புள்ளிகள். பன்னிரண்டு இருக்கும், பதினைந்து இருக்கும். ஒவ்வொன்றைச் சுற்றியும் மெல்லிய வெள்ளை வளையம்.

"அடிக்க வந்தவன் வூட்லயே குந்திகினு கீது மேடம். மண்ணுல இருக்கறப்ப நூல் நூலா ஒரு உருவம். ஒடம்பு சூடு பட்டதும் உருண்டையா வேற உருவம். பாம்புக்கு தலய காட்டும், மீனுக்கு வால காட்டும்னு எங்கம்மா விலாங்கு மீன சொல்லும். அந்த மாதிரி."

ஹிஸ்டோபிளாஸ்மா. எனக்கு அதன் பாடம் முழுக்க மனதில் ஓடியது. வௌவால் எச்சம் கலந்த மண்ணில் வளரும் பூஞ்சை, தூசியோடு மூச்சில் ஏறும். அதன் சுவரில் ஒரு சர்க்கரை உண்டு. அதைத் தடவித்தான் நம் செல் அதை எதிரி என்று அறிந்துகொள்ளும். இது அந்தச் சர்க்கரைமேல் வேறொரு சர்க்கரையைப் பூசி மறைத்துவிடும். விழுங்கிய செல் செரிப்பதற்கு அமிலம் சுரக்கும். இது அமிலத்தை ஏற விடாது. உள்ளேயே பெருகி, அந்தச் செல்லையே வண்டியாக்கிக்கொண்டு கல்லீரலுக்குப் போகும், மண்ணீரலுக்குப் போகும், சிறுநீரகத்தின் தலைமேல் இருக்கிற அட்ரினல் சுரப்பிக்கும் போகும். பார்ப்பவர்கள் டி.பி. என்றே நினைப்பார்கள்.

"பிளேட்லெட் மேல ஒட்டியிருக்கு," என்றேன்.

"பிளேட்லெட்டுக்கு வளையம் வராதே மேடம்."

"ஸ்டெயின் சரியா கழுவல."

"நான் தான் கழுவுனேன். இன்னொரு ஸ்லைடும் போட்டேன். அதுலயும் கீது. டாக்டர் கிட்ட ஒரு தபா காட்டலாமா?"

"நீ என்ன படிச்சிருக்க?"

"டிப்ளமோ மேடம்."

"ரிப்போர்ட்ல யார் கையெழுத்துப் போடுவாங்க?"

"நீங்க."

"அப்ப போய் அடுத்த சாம்பிளப் பாரு."

எனக்கும் தெரிந்தது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வளையம் தெரிந்தது, மொட்டு விட்ட புள்ளி ஒன்றுகூடத் தெரிந்தது. டாக்டர் வருவார், குனிந்து பார்ப்பார், நிமிர்ந்து அவளைப் பார்ப்பார் என்பதும் சேர்ந்து தெரிந்தது. 'பூஞ்சை ஏதும் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மிச்சமிருந்தது கல்ச்சர். சாம்பிளை டியூபில் போட்டு வைத்தால், இந்தப் பூஞ்சை மெதுவாக, மிக மெதுவாக வளரும். எங்கள் லேபில் நான்கு வாரம் வைப்பது வழக்கம். வாரா வாரம் பாயின் மகள் வந்து கவுன்டரில் நிற்பாள்.

"இந்த வாரமாவது ஏதாவது வந்துச்சா மேடம்?"

"இன்னும் இல்லம்மா."

மூன்றாவது வாரம், "அப்பா இப்பல்லாம் எழுந்து உக்காரவே மாட்டேங்கறாங்க," என்றாள். அதற்கும் நான், "அடுத்த வாரம் வாம்மா," என்றுதான் சொன்னேன்.

நான்காவது வாரம் முடிந்ததும், 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிவிட்டு அந்த டியூபைக் கழிவில் போடும்படி அவளிடம் சொன்னேன்.

"இன்னும் ரெண்டு வாரம் வெச்சிப் பாக்கலாம் மேடம். அதுக்கு இங்க ஒண்ணும் அவசரம் இல்ல. மெதுவா தான் வரும்."

"இடம் இல்ல. போட்டுடு."

"சரி மேடம்," என்றாள்.

ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள், இன்குபேட்டரின் அடித்தட்டைச் சுத்தம் செய்யும்போது பார்த்தேன். சோதனைக்காக வைத்திருக்கும் பழைய கிருமி டியூபுகளுக்குப் பின்னால் ஒரு டியூப். பெயர் இல்லை, தேதி மட்டும், அவளுடைய சாய்ந்த எழுத்தில். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. சுத்தமாக இருந்தது.

கழிவுப் பை காலடியில்தான் இருந்தது. போடப் போனேன். போடவில்லை. மனம் இளகி அல்ல. ஆறு வாரமும் ஆகட்டும், ஒன்றும் முளைக்காமல் போகட்டும், எல்லோர் முன்னாலும் அந்த டியூபை எடுத்து அவளிடம் நீட்ட வேண்டும் என்று நினைத்தேன். அந்த நிமிஷத்தை மனதுக்குள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். பிறகு டியூபை இருந்த இடத்திலேயே வைத்தேன். அன்றிலிருந்து தினமும் அவள் வருவதற்கு முன்னால் வந்து பார்ப்பேன். ஒன்றும் இல்லை என்றால் நிம்மதியாக டீ குடிப்பேன்.

ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. ராத்திரி பெய்த மழையில் கேளம்பாக்கம் ரோடு மூழ்கி அவளால் வர முடியவில்லை. நான் டியூபை எடுத்தேன். பஞ்சைப் பிய்த்து வைத்ததுபோல, குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளையாக ஒன்று இருந்தது.

முதலில் வயிறு எரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் அதுதான். பாயின் முகம் அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஓடிப் போய்ப் பழைய ஸ்லைடை எடுத்து வைத்துப் பார்த்தேன்; புள்ளிகள் அப்படியே இருந்தன. டாக்டருக்குப் போன் செய்தேன்; டியூபை எடுத்து வைத்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் பாய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். சாயங்காலம் மருந்து ஏறத் தொடங்கியது. டியூபைப் பெரிய லேபுக்கு அனுப்பினோம்; சில நாளில் அவர்களும் அதுதான் என்று உறுதி சொன்னார்கள்.

புதன்கிழமை டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "அருமையா ஆறு வாரம் வெச்சிருக்கம்மா. ஆனா ஸ்மியர்ல அன்னைக்கே ஒண்ணும் தெரியலையா?"

"இல்ல சார்," என்றேன்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "மேடம் தான் சார் பாத்தாங்க," என்றாள். அதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை.

பாய் பிழைத்துக்கொண்டார். பத்து நாளில் காய்ச்சல் நின்றது. ஒரு வருஷம் மாத்திரை. ஆனால் அட்ரினல் சுரப்பி இரண்டும் கெட்டுப்போயிருந்தன. அதற்கு ஆயுளுக்கும் தினமும் மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும், ஒரு நாள் மறந்தால் ஆபத்து. அந்தச் சுரப்பி நான் மறைத்த வாரங்களில் போனதா, அதற்கு முன்பே போயிருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. யாராலும் சொல்ல முடியாது என்பதை நான் வெகு நாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உடம்பு தேறியதும் பாய் பேரீச்சம்பழப் பெட்டியோடு வந்தார். என் முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "இந்தக் கைக்கு தங்க வளையல் போடணும்மா," என்றார். மகள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்க வேலை அது பாய்," என்றேன். பக்கத்து மேசையில் அவள் டியூபுகளுக்கு லேபிள் எழுதிக்கொண்டிருந்தாள். பேனா நிற்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் அவளுக்கு வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை கிடைத்தது. பூஞ்சைக்கென்றே தனிப் பிரிவு உள்ள இடம். டாக்டர்தான் சிபாரிசு செய்திருந்தார். கடைசி நாள் மத்தியானம் நானும் டப்பாவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். நான்கு வருஷத்தில் முதல் தடவை. மற்ற பெண்கள் என்னைப் பார்த்ததும் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள். அவள் வஞ்சிரம் வறுவலில் ஒரு துண்டை என் டப்பா மூடியில் வைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றேன். "அன்னைக்கு டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லல?"

முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தாள். "மொதல்ல சொல்லியிருந்தா நீங்க டியூப தேடி எடுத்துப் போட்டிருப்பீங்க. அதான் வாய மூடிகினு இருந்தேன். அப்புறம் ஒரு நாள் பாத்தேன், டியூப் கொஞ்சம் திரும்பி இருந்துச்சு. நான் தேதிய செவுத்துப் பக்கமா வெச்சிருந்தேன், அது முன்னாடி பாத்துகினு இருந்துச்சு. நீங்க பாத்துட்டீங்கன்னு தெரிஞ்சிச்சு. ஆனா போடல, திரும்ப வெச்சிட்டீங்க. அதுக்கு மேல உங்கள போட்டுக் குடுக்க எனக்கு மனசு வரல."

மீன் துண்டைத் திரும்ப மூடியில் வைத்தேன். அவள் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு ஊரை விட்டுப் போகப்போகிறாள். அந்தப் பெயரையும் வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். ஏனோ முடியவில்லை.

"நான் அதுக்காக வெக்கல. ஆறு வாரம் ஆகியும் ஒண்ணும் வராது, அத எல்லார் முன்னாடியும் உன்கிட்ட காட்டலாம்னு வெச்சேன். நீ தோக்கணும்னு வெச்சேன்."

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஸ்லைடைப் பார்ப்பதுபோல, ஒரு மூலையிலிருந்து. நெடுநேரம். பிறகு, "எதுக்கு வெச்சா இன்னாக்கா, வெச்சீங்க இல்ல," என்றாள். அதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து, "ஆனா அந்த ஸ்மியரு... அது தப்புக்கா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அன்று டாக்டர் வந்ததும் அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பாய்கிட்ட யார் சொல்றது?" என்று மட்டும் கேட்டார். "நான் சொல்றேன் சார்," என்றேன். அதன் பிறகு ஒரு வருஷம் என்னுடைய பூஞ்சை ரிப்போர்ட் எதுவும் வேறொருவர் பார்க்காமல் வெளியே போகவில்லை. அது நியாயம்தான்.

பல்லாவரத்துக் கடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்த கதவுகளுக்கு நடுவில் பாய் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். மகள் டீ கொண்டுவந்தாள். நடந்ததையெல்லாம் இருவரிடமும் சொன்னேன்.

"வாரா வாரம் வந்து உங்க மூஞ்சியப் பாத்துட்டுப் போனேன் மேடம்," என்றாள் அந்தப் பெண். "எங்க அப்பா எந்திரிக்கலன்னு உங்ககிட்டதான் சொன்னேன்." நான் தொடாத டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பாய் வெகு நேரம் ஒரு கதவின் கொண்டியைத் தடவிக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு நம்பர் குடுங்கம்மா," என்றார்.

கொடுத்தேன். பிறகு பாய் எங்கள் லேபுக்கு வரவில்லை. ரத்தப் பரிசோதனையை வேறு இடத்தில் செய்துகொள்கிறார் என்று கேள்விப்பட்டேன். இரண்டு வருஷம் கழித்து மகளின் கல்யாணப் பத்திரிகை வந்தது. தபாலில்தான். ஆனாலும் வந்தது.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவள்தான் கண்ணில் பட்டாள். விமானத்தில் வந்திருக்கிறாள். பெண்கள் பக்கத்தில், மணப்பெண்ணை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது, புடவையும் நன்றாக இருந்தது. மணப்பெண் அவள் கையை விடவே இல்லை. வருகிற சொந்தக்காரப் பெண்களிடமெல்லாம், "எங்க அப்பா நோய கண்டுபிடிச்சுக் குடுத்த அக்கா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மணப்பெண்ணிடமிருந்து ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான், அதற்கு மேல் நானும் எதிர்பார்க்கவில்லை.

அவள் எழுந்து வந்தாள். "வாங்கக்கா, சாப்டலாம்."

பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். ஒரு புதுப் பூஞ்சையைப் பற்றிப் பேசினாள். எந்த மருந்துக்கும் அசையாதாம், ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியில் வாரக்கணக்காக உயிரோடு இருக்குமாம். "அதுக்கு இன்னா வேணும்னு தான்க்கா பாத்துகினு இருக்கேன்," என்றாள். முகத்தில் அதே பழைய வெளிச்சம். எனக்குப் பாதி விளங்கவில்லை. விளங்கியதுபோலத் தலையாட்டினேன். பேச்சுக்கு நடுவில் பெண்கள் வந்து வந்து அவளோடு செல்பி எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் படத்தில் விழாமல் நான் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது.

வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. பிரியாணி நன்றாக இருந்தது. பரிமாறுகிறவர் இரண்டாவது தடவை வந்தபோது அவள் என் தட்டைக் காட்டி, "அக்காவுக்கு வைங்க," என்றாள். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டேன்.